மூன்று நாள் தண்ணீர்

முகைதீன்பாவா மல்லாந்து படுத்துக்கொண்டுதான் வேலை செய்வார். பாயை விரித்து, இரண்டு கைகளையும் தலைக்குக் கீழே கொடுத்து, கண்ணை முகட்டில் குத்தி வைத்தாரானால் பிறகு அசையமாட்டார். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். கூலிக்கு வந்த மனிசன் குறட்டை விடப் போகிறாராக்கும் என்று அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அவர் தலையைத் திருப்பவும் மாட்டார். "சத்தம் போடாதீங்க. மேல ஒரு சாண் தண்ணி நிக்கிது. அது என்ன செய்யப் போகுதெண்டு பாக்கிறன்" என்பார்.

அந்த ஒரு சாண் தண்ணீர் உண்மையாகவே மேலே நிற்கும். மட்டக்களப்பு நகரத்திலும் காத்தான்குடியிலும் கொஞ்சக் காலமாகக் காசுள்ளவர்களுக்குக் கொங்கிரீட் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஓட்டு வீடு கௌரவக் குறைவாம். ஏறி நின்று நாலு பேரைப் பார்க்கவும் நாலு பேர் தங்களைப் பார்க்கவும் தட்டை முகடு வேண்டுமாம். போடுகிறார்கள். முதல் மாரிக்கே ஒழுகுகிறது. "கூப்பிடு ஒழுக்குக் காக்காவை" என்கிறார்கள். அவர் வந்து அடைக்க வேண்டியதை அடைத்துக் காயவிட்டு, தண்ணீர் இறங்கும் பீலி வாய்களில் சாக்குத் துணியையும் களிமண்ணையும் திணித்து, முகட்டைக் குளமாக்கிவிடுவார். கைப்பிடிச் சுவரில் தண்ணீர் மட்டத்துக்குக் கரியால் ஒரு கோடு. பக்கத்தில் ஒரு பீங்கான் கோப்பையில் தண்ணீர், அதற்குள்ளும் ஒரு கோடு. ஏன் பீங்கான் என்று கேட்டால், "மண்சட்டி தானும் குடிக்கும். சாட்சிக்கு நிக்கிற ஆள் கள்ளனா இரிக்கப்படா" என்பார்.

கோப்பையில் குறைந்தது வெயில் குடித்தது. அதைவிட முகட்டில் கூடக் குறைந்தால் மிச்சத்தை வீடு குடித்திருக்கிறது. இவ்வளவுதான் அவருடைய சாத்திரம். ஆனால் அதற்கு மூன்று நாள் வேண்டும். அந்த மூன்று நாளும் அவர் அந்த முகட்டுக்குக் கீழேதான் இருப்பார். தொழுகை அங்கே, சாப்பாடு அங்கே, தூக்கம் அங்கே. வீட்டுக்காரர் வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். "நான் அடைச்ச முகட்டுக்குக் கீழ முதல்ல நனையிற ஆள் நானாத்தான் இரிக்கணும்" என்று ஒரே பிடியாய் நிற்பார்.

வயது ஐம்பத்தெட்டு. நெடிய மனிதர். மேலே பார்த்துப் பார்த்தே கழுத்து பின்பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. முகம் வழிக்கிற ஒஸ்தாவுக்கு இவரிடம் தாடையைத் தூக்குங்கள் என்று சொல்லவேண்டிய வேலை இல்லை. ஆட்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்காது. இன்னாருடைய மருமகன், இன்ன கடைக்காரர் என்று எவ்வளவு விளக்கினாலும் விழிப்பார். மேற்கு மூலையில் ஆட்டுத்தலை மாதிரிக் கறை இருந்ததே, அந்த வீடு என்று சொன்னால் போதும், "ஓ, அவரா! சொல்லுங்க, சுகமா இரிக்காரா?" என்று முகம் மலர்ந்துவிடும்.

இளவயதில் தோணிகளுக்குக் கலப்பற்றுப் பார்த்தவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தேங்காய்த் தும்பைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கி வார்த்து, வாவித் தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கிற வேலை அது. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது; சாமான் ஏற்றுகிற பெரிய தோணிகள் குறைந்தன. மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தபோது, இவர் உளியையும் தார்ச்சட்டியையும் தூக்கிக்கொண்டு வீடுகளின் மேல் ஏறிவிட்டார். "தோணிக்குக் கீழ தண்ணி, வீட்டுக்கு மேல தண்ணி. வேற என்ன வித்தியாசம்?" என்று அதைப் பற்றி ஒரு வார்த்தையோடு முடித்துக்கொள்வார்.

ஆனால் வித்தியாசம் அவருக்கு நன்றாகத் தெரியும். வெடிப்பின் மேல் சும்மா சீமெந்தைப் பூசுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. வெடிப்பை உளியால் வெட்டி, உள்ளே அகலமும் வாய் குறுகலுமாக ஆக்கி, பிறகுதான் நிரப்புவார். வைத்த சரக்கு கழன்று வரக்கூடாது அல்லவா? முகடும் கைப்பிடிச் சுவரும் சேருகிற மூலையைச் சீமெந்தால் உருட்டி வளைத்துவிடுவார். "மூலையக் கண்டா தண்ணி குந்திரும். குந்தினா எழும்பாது. மூலையே இல்லாம ஆக்கிப் போடணும்." தண்ணீர் ஓட வாட்டம் இல்லாத முகட்டில் தார்ச்சட்டியைக் கீழேயே வைக்கமாட்டார். "போக வழி காட்டாம வராதே எண்டு சொன்னா ஆர்தான் கேப்பாங்க?" என்பது தண்ணீருக்காக அவர் பேசுகிற நியாயம். பூசிய சீமெந்தை ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு மூடி, பச்சைப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார். அவசரப்பட்டு வெயிலில் விட்ட சீமெந்து தானே வெடித்து, அவருக்குத் தானே வேலை தரும் என்பதையும் சொல்லிச் சிரிப்பார்.

நாவற்குடாவில் பற்றிக் என்று ஒரு பள்ளிக்கூட மாஸ்டர். அவர் வீட்டுச் சுவர் சன்னலுக்கு மேலே ஒவ்வொரு மாரிக்கும் நனைந்து ஊறியது. மூன்று மேசன்மார் வந்து மூன்று தரம் உள்ளே பூசிவிட்டுப் போனார்கள். முகைதீன்பாவா உள்ளே கால் வைக்கவே இல்லை. வெளியே ஏணி வைத்து ஏறி, சன்னலுக்கு மேல் நீட்டியிருந்த கொங்கிரீட் பலகையின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளி, நெடுக விரல் பருமனில் ஒரு பள்ளம் வெட்டினார். ஒரு மணி நேர வேலை. "தண்ணி கீழ விழாம அடிவயித்தில ஒட்டிக்கொண்டு சுவருக்குத் தவழ்ந்து வருது மாஸ்டர். குறுக்க ஒரு பள்ளத்தக் கண்டா அதுக்குத் தாண்டத் தெரியா, விழுந்திரும்." அந்த வருடம் சுவர் நனையவில்லை. மாஸ்டர் ஆளனுப்பி நன்றி சொன்னார்.

மறுவருடம் சந்தையில் மாஸ்டரை நேருக்கு நேர் கண்டு இவர் சலாம் சொன்னார். முகத்தை மறக்கிற மனிதர், இந்த ஒரு முகத்தை எப்படியோ நினைவு வைத்திருந்தார். மாஸ்டர் நின்று, யோசித்து, "எங்கேயோ பார்த்த முகமாய் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முகைதீன்பாவா கோபிக்கவில்லை. "ஒழுகாத வீட்டில இரிக்கிறவருக்கு என்ட ஞாபகம் என்னத்துக்கு வரப் போகுது?" என்றார். வேலை நன்றாக நடந்ததற்கு அதுதான் அடையாளமாம். இருக்கட்டும், ஆனால் அன்றைக்கு வாங்க வந்த மீனை வாங்காமலே போனார்.

ஐப்பசியில் வானம் கறுத்தால் அவருக்கு ஊரெல்லாம் உறவு. மழையில்லாமல் வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது.

அவருடைய வீடு எங்கே என்று நீங்கள் கேட்கக்கூடும். காத்தான்குடியில் வீடு என்பது பெண்ணுக்கு. உம்மா வீட்டில் பிறந்த ஆண், கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போவான். அவருடைய பெண்சாதி சபூரா மவுத்தாகி ஒன்பது வருடமாகிறது. பெண்பிள்ளை இல்லை. ஒரே மகன் அஹமட் ஏறாவூரில், தன் பெண்சாதி வீட்டில். சபூராவின் வீடு அவளுடைய தங்கை மகளுக்குச் சீதனமாகப் போனது. யாரும் இவரைப் போ என்று சொல்லவில்லை. வீணாகப் பழி சொல்லக்கூடாது. புது மாப்பிள்ளை வந்தார். அறை மாப்பிள்ளைக்கு, விறாந்தை மாப்பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களுக்கு. இவர் பாயைச் சுருட்டி இங்கே வைத்தார், அங்கே வைத்தார். கடைசியில் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

இப்போது வாவிக் கரையில், முன்பு தோணி கட்டிய கொட்டிலில் இருக்கிறார். ஊருக்கெல்லாம் ஒழுக்கு அடைக்கிறவருடைய கொட்டில் ஒழுகும் என்று சிரிக்கத் தயாராகிறீர்களா? ஒழுகாது. பொத்தல் இல்லாத கிடுகுக் கூரை. அதற்குக் கீழே பேச்சுக் குரல்தான் இல்லை. பெருநாளைக்கு ஏறாவூருக்குப் போவார். மருமகள் நல்ல பீங்கானில் சோறு வைப்பாள். நல்ல பீங்கான் விருந்தாளிக்கு எடுப்பது என்று அவருக்குத் தெரியும். அஸர் தொழுகைக்கு முன்னே எழும்பி வந்துவிடுவார்.

இப்படிப்பட்டவர் ஒரு பொய் சொன்னார். தொழிலில், அதுவும் ஒரு விதவைப் பெண்ணிடம்.

ஹவ்வா உம்மா புடவைக் கடைக்காரர் ஒருவரின் மனைவி. புருசன் போன பிறகு, இருந்ததையெல்லாம் போட்டு, ஒரே மகள் ஹிதாயாவுக்காகத் தன் மண்வீட்டு வளவுக்குள்ளேயே ஒரு கொங்கிரீட் முகட்டு வீடு கட்டினாள். வாவி அங்கிருந்து ஐம்பது எட்டு. வீடு முடிந்து பூட்டிக் கிடந்தது, மகளுக்கு வயது வரட்டும் என்று. மூன்று வருடத்துக்கு முன்னே, வாடைக்காற்று மாதத்தில், மணமக்களுக்கென்று விட்டிருந்த தெற்கு அறையின் முகட்டில் ஒரு சுளகு அளவுக்குக் கறுத்து ஈரம் கண்டது. ஒழுக்குக் காக்காவுக்கு ஆள் போனது.

அவர் வந்தார். மேலே ஏறித் தட்டிப் பார்த்தார். வெடிப்பு ஒன்றும் கண்ணுக்குப் படவில்லை. சரி, தண்ணீரைக் கேட்போம் என்று பீலியை அடைத்துக் குளம் கட்டிவிட்டுக் கீழே வந்து படுத்தார். பொழுது உச்சிக்கு வந்தபோது, அந்த அறைக்கும் குசினிக்கும் நடுவில் சாத்தியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"காக்கா, சாப்பிட்டீங்களா?"

பாயில் கிடந்த மனிதர் எழும்பி உட்கார்ந்தார். ஆறு வருடமாக அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கதவு ஒரு முழம் திறந்து, சோற்றுப் பீங்கான் உள்ளே வந்து, கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது. ஹவ்வா உம்மாவை அவர் கண்டதில்லை. இன்றைக்கும் கண்டதில்லை. குரலும், கதவின் அடியில் இரண்டு பாதங்களின் நிழலும்தான்.

அந்த மூன்று நாளில் அவர்கள் பேசியது பெரிய விசயம் ஒன்றுமில்லை. மாடு காணாமல் போய் ஏழு வளவு தாண்டி அகப்பட்ட கதை. புருசன் காலமாவதற்கு முந்தின நாள் கேட்ட மீன் ஆணம். "உறைப்புக் கூடிப் போச்சா காக்கா?" "இல்ல தங்கச்சி, இப்பிடித்தான் சபூராவும் ஆக்குவா." அவர் சபூராவின் பெயரை வாயால் சொல்லியே எத்தனையோ நாள். சொன்ன பிறகு அறை முழுக்க அந்தப் பெயர் இருந்த மாதிரி இருந்தது அவருக்கு.

மூன்றாம் நாள் விடிய வாவியிலிருந்து பனிப்புகார் எழும்பி வளவை மூடியது. மழை ஒரு சொட்டும் இல்லை. முகட்டுக் கறையோ பெரிதாகி, முத்து முத்தாய் வேர்த்து நின்றது. வெயில் ஏறியதும் தானே சுருங்கிவிட்டது. மேலே குளம் நின்றபடியே நிற்கிறது! அவர் மேலே ஓடினார். கோப்பையில் எவ்வளவு குறைந்ததோ, முகட்டிலும் அவ்வளவுதான். மயிரிழை வித்தியாசம் இல்லை. இந்த வீடு ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

கீழே வந்து, முக்காலியில் ஏறி, கறையின் ஓரத்தில் பூத்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது.

வீடு கட்டிய கதையைக் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டார். ஹவ்வா உம்மா சொல்லச் சொல்ல எல்லாம் வெளித்தது. வளவில் அப்போது கிணறு தூர்ந்து கிடந்ததாம். மேசன்மார் சீமெந்து குழைக்க வாவியில்தான் அள்ளினார்களாம். தொடங்கின நாள் வாயில் விட்டுப் பார்த்தார்களாம். மாரி வெள்ளத்தில் வாவி இளநீராய் இனித்ததாம். மட்டக்களப்பில் பிறந்த எவனும் இதில் ஏமாறுவான். வெள்ளம் நிற்கும்வரை வாவி நல்ல தண்ணீர். கடலுக்கு வழியாய் முகத்துவாரம் வெட்டிக்கொண்டதும் கடல் உள்ளே வந்துவிடும். ஒரு அறைக்கு ஒரு நாளாக முகடு போட்டு வந்தவர்கள், கடைசியாய்த் தெற்கு அறைக்குப் போட்ட நாளில் மறுபடி வாயில் விட்டுப் பார்க்கவில்லை. உப்பு முகட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. காற்று ஈரமான நாளிலெல்லாம் அந்த உப்பு ஈரத்தை இழுக்கிறது, முகடு வேர்க்கிறது. இதில் அடைக்க ஓட்டையும் இல்லை, வார்க்கத் தாரும் வேண்டாம். ஒழுக்குக்காரன் செய்ய வேலையே இல்லை.

அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்: "ஒழுக்குப் பெரிசா காக்கா? வாற வருசமும் நீங்க வரவேண்டி இரிக்குமா?"

பாவி மனிதர், "ஓம் தங்கச்சி. வாற வருசமும் பாக்கணும்" என்றார்.

சொன்ன வாய்க்காக மேலே ஏறி ஒரு பூச்சுத் தார் பூசினார். கூலி வாங்க மறுத்துவிட்டார். தாருக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். மனச்சாட்சிக்கு அவர் போட்ட ஒட்டு அது. ஹவ்வா உம்மாவுக்கோ அவர் மேல் மதிப்பு இரண்டு மடங்காயிற்று. இப்படியும் ஒரு மனிசர் இருக்கிறாரா என்று தெருவெல்லாம் சொன்னாள். அதைக் கேட்க நேர்ந்தபோதெல்லாம் அவர் தெருவை மாற்றிக்கொண்டு நடந்தார்.

மறுவருடமும் வாடை வந்தது, கறை வந்தது, அவரும் வந்தார். மூன்று நாள் தண்ணீர், மூன்று நாள் சோறு, மூன்று நாள் பேச்சு. கரிக்கோட்டைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை, என்றாலும் பார்த்தார். கச்சான் மாதங்களில், கொட்டில் வாசலில் குந்தியிருந்து, அவளிடம் சொல்லவேண்டும் என்று சின்னச் சின்னக் கதைகளைச் சேர்த்து வைத்தார். வலையில் பட்ட ஆமைக் கதை ஒன்றை ஏழு மாதம் காவி வைத்திருந்து சொன்னார். அவள் சிரித்தாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவருக்கு அது போதுமாய் இருந்தது.

போன தை மாதம் மூன்றாம் தரம். பீலியை அடைத்துக் குளம் கட்டிவிட்டு இறங்கி வந்து பாயை விரிக்கும்போதே குசினிக் கதவுக்குப் பின்னால் பாதங்களின் நிழல் நின்றது. சாப்பிட்டீங்களா என்ற கேள்வி வரவில்லை.

"காக்கா, இனி உங்களுக்குக் கரச்சல் இல்ல" என்றாள் ஹவ்வா உம்மா. "இந்த முகட்ட உடைக்கப் போறம்."

"என்ன தங்கச்சி சொல்றீங்க?"

"பங்குனில ஹிதாயாட நிக்காஹ். மாப்பிளட உம்மா முந்தநாள் வீடு பாக்க வந்தா. நேர இந்த அறைக்குள்ளதான் வந்தா. அண்ணாந்து பாத்தா. 'மூணு வருசமா ஆள் வந்து அடைச்சும் ஒழுகிற வீட்டில என்ட மகன் படுக்க ஏலா' எண்டு சொல்லிட்டா. உடைச்சிப் போட்டு ஓடு போட்டாத்தான் கலியாணமாம்." குரல் கொஞ்சம் நின்று வந்தது. "வவுணதீவு வட்டையில உம்மா எனக்குத் தந்த வயல் கிடக்கு. அதத்தான் விக்கப் போறன். வெள்ளிக்கிழமை எழுத வாறாங்க. அதோட எங்கட சோத்துக்கு வழியில்ல. என்ன செய்ற? புள்ளட வாழ்க்க. நீங்களும் உங்களால ஏலுமானத செஞ்சீங்கதானே."

அந்தக் கடைசி வார்த்தையை அவரால் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பார்.

சொல்லாமல் விட்டால் வெள்ளிக்கிழமை இந்தப் பெண்ணின் வயல் போகும். சொன்னால் இந்தக் கதவு போகும். மூன்று வருடம் மல்லாந்து படுத்துப் பார்த்த அந்த முகட்டை ஒரு தரம் பார்த்தார். பிறகு எழும்பி, முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். மடியிலிருந்த வெற்றிலை ஒன்றை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு, வெள்ளையைச் சுரண்டி அதில் சேர்த்தார். கொண்டுபோய்க் கதவின் இடைவெளியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"தங்கச்சி, அத நாக்கில வெச்சிப் பாருங்க."

விரல்கள் வந்து வெற்றிலையை எடுத்தன. "உப்பு" என்றாள்.

"ஓம், உப்புத்தான். மழத் தண்ணிக்கு உப்பில்ல. இந்த முகட்டில ஓட்ட இல்ல. கடசி நாள் அள்ளின வாவித் தண்ணிட உப்பு உள்ளுக்குள்ள இரிந்து வேர்க்குது. நான் அடைச்சதுமில்ல, அடைக்க ஏலவும் ஏலா. உடைக்கத் தேவல்ல. வயல விக்கவும் தேவல்ல."

"அப்ப என்ன செய்ற?"

"கச்சான் தொடங்கினா கதவு சன்னல் எல்லாத்தயும் திறந்து விடுங்க. உப்புப் பூக்கப் பூக்கக் காஞ்ச தும்பால தேச்சி எடுங்க. மறுகா சுண்ணாம்பு மட்டும் அடிங்க. கீழால சீமெந்து பூசி மூடிராதீங்க, உப்பு வெளிய வர வழி விடணும். ரெண்டு மூணு கச்சானோட குறைஞ்சிரும். உள்ள கிடக்கிற கம்பி உப்பில துருப்பிடிச்சிருமோ எண்டுதான் எனக்குப் பயம். தட்டிப் பாத்தன், சத்தம் இன்னம் நல்லாத்தான் இரிக்கி."

ஹவ்வா உம்மா மெத்தப் படித்தவள் இல்லை; ஆனால் கெட்டிக்காரி.

"இது உங்களுக்கு எப்ப தெரியும் காக்கா?"

இன்னொரு பொய்யைச் சொல்ல அவருக்கு வழி இருந்தது. இப்போதுதான் விளங்கியது என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள்.

"முதல் வருசமே" என்றார்.

"முதல் வருசமே." அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். "அப்ப என்னத்துக்கு வந்தீங்க? கூலியும் வாங்கல்லியே. என்னத்துக்குக் காக்கா ரெண்டு வருசம் என்ன ஏமாத்தினீங்க?"

அவர் பாயைப் பார்த்தார். கழுத்து சாய்ந்த மனிதருக்குக் கீழே பார்ப்பது சிரமம், ஆனாலும் பார்த்தார். "சாப்பிட்டீங்களா எண்டு கேட்டீங்க" என்றார்.

பாதங்களின் நிழல் அசையவில்லை. பிறகு அவள் பேசினபோது குரல் உரக்கவும் இல்லை, இளகவும் இல்லை.

"ஒழுக்கில்லாத வீட்டுக்குள்ள ஒரு அந்நிய ஆம்பிளய நான் என்ன சொல்லி எடுக்கிற? சும்மா வரட்டா எண்டு நீங்க கேட்டிரிந்தாலும் ஏலாதுதான். அது எனக்கும் விளங்குது. ஆனா என்ட புள்ளட கலியாணம் காக்கா. ஒரு கும்பா சோத்துக்காக அதத் தண்ணில போடப் பாத்தீங்களே."

"மாப்பிளட உம்மாட்ட நானே போய்ச் சொல்றன். உப்பயும் சொல்றன், நான் பொய் சொன்னதயும் சேத்துச் சொல்றன். இல்லாட்டி அவ நம்பமாட்டா."

"ஊர் முழுக்கத் தெரிய வரும். பிறகு ஒருத்தரும் உங்களக் கூப்பிடமாட்டாங்க."

"ஓம்."

"இப்பவே போங்க" என்றாள். பிறகு, உள்ளே திரும்பி, "ஹிதாயா, வெள்ளிக்கிழமை ஒருத்தரும் வரத் தேவல்லயெண்டு சொல்லி அனுப்பு புள்ள" என்பது கேட்டது. அதற்குப் பிறகு மறுபடியும் கதவருகே அதே குரல், இந்தத் தரம் மெல்ல: "இனி இங்க வராதீங்க காக்கா."

கதவின் அடியில் நிழல் போய்விட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

முகைதீன்பாவா வீட்டுக்குள்ளிருந்த ஏணி வழியே மேலே ஏறினார். குளம் வெயிலில் அசையாமல் கிடந்தது. சாரனை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்து, பீலி வாய்களில் திணித்திருந்த சாக்குத் துணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மூன்று நாள் நிற்கவேண்டிய தண்ணீர் வளவு மணலில் கொட்டத் தொடங்கியது. கோப்பையையும் கவிழ்த்தார். கடைசித் தண்ணீர் இறங்கும்வரை நின்றார். அந்த முகட்டின் வாட்டம் நல்ல வாட்டம். ஒரு இடத்திலும் தேங்கவில்லை.

கீழே வந்து பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். வாசலை நோக்கி நடந்தவர், நடுவில் திரும்பிப் பார்த்தார். மினுக்கிய சீமெந்து நிலத்தில், ஏணியடியிலிருந்து அவர் நின்ற இடம்வரை, ஈரப் பாதங்கள் வரிசையாய்ப் பதிந்திருந்தன.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். முழங்காலிட்டு, ஏணியடியில் இருந்த முதல் பாதத்தைத் துடைத்தார். பிறகு அடுத்ததை. அப்படியே பின்னுக்குப் பின்னுக்கு நகர்ந்து, ஒவ்வொன்றாய் அழுத்தித் துடைத்து, வாசற்படியைத் தாண்டினார். வெளியே நின்றபடி கையை நீட்டிக் கடைசிப் பாதத்தையும் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் ஈரம் இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்த்தார்.